அப்பாவின் கண்ணில் பூஞ்சை: பழைய சொட்டு மருந்தை மறுபடி விடலாமா?

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 58 வயது, திருவாரூர் பக்கம் விவசாயம். தை கடைசியில் அறுவடை மிஷினுக்குப் பின்னால் வைக்கோல் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் ஏதோ சுருக்கென்று குத்தியிருக்கிறது. அம்மா பக்கத்து வீட்டில் தாய்ப்பால் வாங்கி விட்டார். இரண்டு நாள் கழித்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள், சிவப்பு போய்விட்டது. ஆனால் பத்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. கண் ஆஸ்பத்திரியில் கண்ணைச் சுரண்டிப் பார்த்து, ஃப்யூசேரியம் என்ற பூஞ்சை என்றார்கள். நேட்டமைசின் சொட்டு மருந்து முதலில் மணிக்கு ஒரு தடவை, இப்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை. மூன்று வாரமாகியும் வெள்ளை அப்படியே இருக்கிறது. சுரண்டியதால்தான் கெட்டுவிட்டது, பழைய மருந்தே நன்றாகக் கேட்டது, அதையே விடுங்கள் என்கிறார் அப்பா. இன்னும் விலை கூடிய மருந்தோ மாத்திரையோ எழுதித் தரச் சொல்லலாமா? கண் மாற்று ஆபரேஷன் செய்துவிட்டால் ஒரேயடியாகச் சரியாகிவிடாதா? சமையல், மாடு கறப்பது எல்லாம் அம்மாதான்; அவருக்கு ஒட்டிக்கொள்ளுமா? அப்பா எப்போது வயலுக்குப் போகலாம்?

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் பழைய சொட்டு மருந்து. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே வீட்டுக்குப் போன் போட்டு, அதில் ஒரு சொட்டுகூடக் கண்ணில் விட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தூக்கி எறியவும் வேண்டாம். லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விட்ட வேகத்தில் சிவப்பு போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒன்றே எனக்குப் போதுமான துப்பு.

இவை எல்லாம் ஸ்டீராய்டு. கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. கண்புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கு நானே எழுதித் தருகிறேன். ஆனால் வைக்கோல் பட்ட கண்ணில், உள்ளே என்ன புகுந்திருக்கிறது என்று பார்க்காமல் இதை விடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. கண் சிவந்திருக்கிறது என்று கேட்டால் கடைக்காரர் கை தானாக இந்த வரிசைக்குத்தான் போகிறது. ஏனென்றால் இரண்டே நாளில் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார்.

கண் ஏன் சிவக்கிறது? கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் அல்லவா, அதனால் அப்படி ஓர் ஏற்பாடு. அங்கே ஒரு கிருமி புகுந்தால், சுற்றியிருக்கும் வெள்ளைவிழியின் குழாய்கள் புடைத்து, அங்கிருந்து வெள்ளை அணுக்கள் ஊர்ந்து வந்தாக வேண்டும். நாம் பார்க்கிற சிவப்பு அந்தப் புடைப்புதான். உங்கள் ஊர்ப்பக்கம் எலித் தொல்லைக்கு வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டு வைப்பார்களே, அப்பாவுக்குத் தெரியும். ராத்திரி ஆந்தை அலறுவது பிடிக்கவில்லை என்று குச்சியைப் பிடுங்கிப் போட்டால் சத்தம் அடங்கிவிடும், நன்றாகத் தூங்கலாம். எலி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டு மருந்து செய்தது அதைத்தான். அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். என்னிடம் வரும் விவசாயிகள் இதைச் சொன்னதும் பாட்டிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

ஃப்யூசேரியம் என்ற பெயர் அவருக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் அதன் கைவரிசை புதிதல்ல. வாழையில் வாடல் நோய் வந்து, தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாக ஓடியிருக்குமே, அதைச் செய்வது இதே ஃப்யூசேரியம் கூட்டத்தில் ஒன்று. கண்ணுக்கு வருவது பெரும்பாலும் அதன் வேறொரு பங்காளி. மண்ணில், மட்கிய தழையில், வைக்கோலில் எல்லாம் இது இருக்கிறது. அப்பா வாழ்நாளெல்லாம் இதன் நடுவில்தான் புழங்கியிருக்கிறார், ஒன்றும் ஆகவில்லை. காரணம், கருவிழியின் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை பூஞ்சையால் சுலபத்தில் உள்ளே போக முடியாது. கருவிழியின் மொத்தத் தடிமனே நடுவில் அரை மில்லிமீட்டர்தான். அதன் மேல்தோலில் ஒரு நெல் தாளின் நுனி கீறல் போடும்போது, கீறலோடு பூஞ்சையின் வித்தும் உள்ளே விதைக்கப்பட்டுவிடுகிறது. விதைப்பதற்கென்றே பண்படுத்திய இடம் மாதிரி.

நம் ஊரில் இது அபூர்வம் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு, புண் வருவதற்கு முன்னால் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சரிபாதி. பூஞ்சைகளில் ஃப்யூசேரியத்துக்கு முதலிடம், ஆஸ்பர்ஜில்லஸுக்கு அடுத்த இடம். மாதங்களைக் கவனித்தீர்களா? தையும் மாசியும், அறுப்புக் காலம். குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றால் முதலில் பாக்டீரியாவை நினைப்பார்கள். இங்கே அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கண் போய்விடும்.

நெல் மட்டும் என்றில்லை. கரும்புத் தோகை, சோளத் தட்டை, தென்னை ஓலை, கருவேல முள், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் தூசி என்று என் அறைக்கு வராத பொருளே இல்லை. மாட்டு வாலும் உண்டு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குனிந்து பால் கறக்கும்போது ஈ விரட்ட மாடு வாலை வீசும். சாணியும் மண்ணும் ஒட்டிய அந்த மயிர்க்கற்றை நேராகக் கண்ணில் வந்து அடிக்கும்.

இந்த நோயின் சூது அதன் நிதானத்தில் இருக்கிறது. பாக்டீரியாப் புண் ஒரே நாளில் கண்ணைத் திறக்க முடியாதபடி செய்துவிடும், பயந்துபோய் ஓடி வருவார்கள். பூஞ்சை அப்படி இல்லை. கீறல் ஆறின மாதிரி இருக்கும், ஒரு வாரம் பத்து நாள் சும்மா இருக்கும், அப்புறம்தான் வெள்ளை தெரியும். தெரிந்தபோதும் புண்ணின் அளவுக்கு வலி இருக்காது. பயிற்சிக் காலத்தில் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். கரும்பு வெட்டும் ஓர் அம்மா வந்திருந்தார். சின்னப் புள்ளி, பெரிய வலி இல்லை. பாக்டீரியாவுக்கான சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்து ஐந்து நாள் கழித்து வரச் சொன்னேன். வந்தபோது புள்ளியின் ஓரம் இறகு மாதிரி பிசிறு பிசிறாகப் பரவியிருந்தது, கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் கோடாகத் தேங்கியிருந்தது. என் சீனியர் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. "செடி பட்ட கண்ணா, சுரண்டிப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே சுரண்டியதைப் பற்றி அப்பாவுக்கு இருக்கும் கோபத்தைத் தணித்துவிடுங்கள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, மெல்லிய கரண்டி அல்லது பிளேடு நுனியால் புண்ணின் அடியிலும் ஓரத்திலும் இருந்து துளி எடுப்பார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மேலே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் நம் கண்ணின் செல்கள் கரைந்து தெளியும், பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெறும் வயலில் அறுகம்புல் கொடி ஓடியிருப்பதைப் போலக் கிளை கிளையாக இழைகள் தெரியும். நாலைந்து நிமிட வேலை. உங்கள் அப்பாவின் நோய்க்குப் பெயர் கிடைத்தது அப்படித்தான். எந்தப் பூஞ்சை என்பது பிறகு வளர்த்துப் பார்த்துத் தெரிந்திருக்கும். சுரண்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. நேட்டமைசின் மேல்தோலைத் தாண்டி உள்ளே ஊறுவதில் கொஞ்சம் சோம்பேறி. மேலே மூடியிருப்பதை எடுத்துவிட்டால்தான் அடிவரை போகும். அதனால் மறுபடியும் ஒரு தடவை சுரண்ட வேண்டும் என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம்.

இனி அந்த நேட்டமைசின். பாட்டிலை யார் விடுகிறார்கள், எப்படி விடுகிறார்கள் என்று எழுதவில்லையே. அடுத்த வாரம் ஊருக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். இது தண்ணீர் மாதிரிக் கரைந்த மருந்து கிடையாது. அரைத்த மாவைக் கரைத்து வைத்த மாதிரி; வைத்த இடத்தில் வைத்தால் மருந்து அடியில் படிந்துவிடும். குலுக்காமல் விட்டால் மேலே தெளிந்த நீர்தான் கண்ணில் விழும். மூன்று வாரம் ஒழுங்காக மருந்து விட்டும் குணமில்லை என்று வந்த ஒருவரிடம் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். அடியில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாக உறைந்து கிடந்தது. பாவம், அவர் மனைவி ராத்திரி பகல் பார்க்காமல் நேரம் தவறாமல் விட்டுக்கொண்டிருந்தது முக்கால்வாசி தண்ணீரை.

ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணும்வரை நன்றாகக் குலுக்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதில் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் இரண்டு சொட்டுக்கு இடமே கிடையாது, மிச்சம் கன்னத்தில்தான் வழியும். பாட்டில் மூக்கு இமையிலோ மயிரிலோ படக் கூடாது. இன்னொரு மருந்தும் கொடுத்திருப்பார்கள், கண் பாப்பாவை விரிய வைப்பது, அட்ரோபினோ ஹோமட்ரோபினோ. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். பாப்பாவை விரிய வைக்கும் அந்த மருந்து வலியைக் குறைக்கும், பாப்பாவின் ஓரம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பார்வையை மங்கச் செய்யும், வெளிச்சம் கூசும். பார்வை இன்னும் குறைந்துவிட்டதே என்று அப்பா சொன்னால் கொஞ்சம் அந்த மருந்தின் வேலையாகவும் இருக்கலாம். நேட்டமைசின் விட்ட பிறகு புண்ணின் மேலும் இமை ஓரத்திலும் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். அது மருந்துதான், பூஞ்சை வளர்ந்துவிட்டது என்று நினைத்து நோண்ட வேண்டாம். இமை ஓரத்தில் இருப்பதைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், கருவிழியைத் தொடக் கூடாது. கண்ணுக்குக் கட்டுப் போட்டு மூடவும் கூடாது. வெதுவெதுப்பும் ஈரமும் இருட்டும் பூஞ்சைக்குப் பிடித்தமானவை.

விலை கூடிய மருந்து எழுதச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இதற்கு நம் ஊரிலேயே பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நேட்டமைசின் 1950-களில் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. பெயரும் அந்த ஊரால் வந்ததுதான். பாலாடைக் கட்டியில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மேலே தடவுவதும் இதைத்தான். வோரிகோனசோல் என்று புதிய மருந்து வந்தபோது, விலையும் அதிகம், உள்ளேயும் நன்றாக ஊறுகிறது, அதுதான் சிறந்ததாக இருக்கும் என்று எங்களில் பலர் நம்பினோம். அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளை வைத்து, சொட்டு மருந்தாக இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013-இல் முடிவு வந்தது: பழைய நேட்டமைசின்தான் ஜெயித்தது. முக்கியமாக ஃப்யூசேரியம் உள்ளவர்களிடம் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. மற்றப் பூஞ்சைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்தது. உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது ஃப்யூசேரியம். கொடுத்திருப்பது சரியான மருந்து. மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

மாத்திரைக்கும் அதே மாதிரி ஒரு சோதனை நடந்தது, 2016-இல் முடிவு வெளியானது. புண் கடுமையாக இருந்த 240 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் கண் ஓட்டையாவதோ ஆபரேஷன் தேவைப்படுவதோ குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. ரத்தக் குழாய் இல்லாத இடத்துக்கு வயிறு வழியாக மருந்து அனுப்புவது சுற்றுவழி. புண் ரொம்ப ஆழமாக இருந்தாலோ வெள்ளைவிழியைத் தொட்டாலோ சில டாக்டர்கள் மாத்திரை கொடுப்பார்கள், கருவிழிக்குள்ளேயே ஊசியும் போடுவார்கள். அது புண்ணைப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு. கொடுத்தால் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்வார்கள், தட்டிக்கழிக்க வேண்டாம்.

சரி, மூன்று வாரமாகியும் வெள்ளை போகவில்லையே என்றால், கண்ணாடியில் பார்த்து இதை அளக்க முடியாது. பூஞ்சை செத்த பிறகும் வெள்ளை இருக்கும். புண் ஆறி வடுவாகும்போதும் வெள்ளைதான். ஊரில் கண்ணில் பூ விழுந்தது என்பார்களே, அது ஆறின புண்ணின் தழும்பு. என் தாத்தாவுக்கு இடது கண்ணில் அப்படி இருந்தது. கடைசிவரை அம்மை போட்டதால் வந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கென்னவோ இப்போது சந்தேகமாக இருக்கிறது. நாங்கள் பார்ப்பது வேறு: புண்ணின் நீள அகலத்தை ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டரில் எழுதி வைப்போம். பிசிறாக இருந்த ஓரம் மழுங்கி உருண்டு வருகிறதா, பஞ்சு மாதிரி இருந்த வெள்ளை அடர்த்தி குறைந்து மெலிகிறதா, அடியில் சீழ் இருந்தால் இறங்குகிறதா, மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்க்கும்போது பச்சையாக மின்னும் இடம் சுருங்குகிறதா என்றெல்லாம் பார்ப்போம். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம், போன வாரம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று அளவைக் கேளுங்கள். அவர் எரிச்சல்பட மாட்டார். அளவு கூடாமல் நின்றிருந்தாலே, மூன்றாவது வாரத்தில் அது நல்ல சேதி. ஆறு வாரம், எட்டு வாரம் ஆவது சாதாரணம். ஆறிய பின்னும் கொஞ்ச நாள் மருந்தைத் தொடரச் சொல்வார்கள்.

ஒன்றை அவசியம் செய்யுங்கள்: சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பார்கள், பார்க்கவில்லை என்றால் நாளைக்கே. 58 வயதில் தெரியாமலே சர்க்கரை இருக்கும் ஆட்கள் நிறைய. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த மருந்து விட்டாலும் புண் இழுத்துக்கொண்டேதான் போகும். மற்றபடி பத்தியம் ஒன்றும் கிடையாது. கண்ணில் புண் என்றால் மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் ரசஞ்சோறு போடுவது நம் வீடுகளில் வழக்கம். புண் ஆறப் புரதம் வேண்டும். மீனோ முட்டையோ பருப்போ நன்றாகச் சாப்பிடட்டும்.

கண் மாற்று ஆபரேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுவது கருவிழியை மட்டும்தான். பூஞ்சை உயிரோடு இருக்கும்போது அதைச் செய்வது பார்வைக்காக அல்ல, கண்ணையே காப்பாற்றுவதற்காக. மருந்துக்கு அடங்காமல் பரவினாலோ ஓட்டையானாலோ வேறு வழியின்றிச் செய்வோம். வீக்கமும் கிருமியும் இருக்கும் கண்ணில் வைத்த புதுக் கருவிழி மங்கிப்போக வாய்ப்பு அதிகம், பூஞ்சை அதிலும் ஏறலாம். மருந்திலேயே ஆறி, வடு பார்வையை மறைத்தால், மாதக்கணக்கில் காத்திருந்து கண் அமைதியான பிறகு செய்வதற்கு நல்ல பலன் உண்டு. வடு ஓரமாக இருந்தால் கண்ணாடி போட்டே சமாளிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. அவசரப்பட்டுக் கேட்டு வாங்கும் ஆபரேஷன் இது இல்லை.

ஆனால் அவசரப்பட வேண்டிய நேரம் ஒன்று உண்டு. கண்ணிலிருந்து திடீரென்று வெந்நீர் மாதிரி கொட்டினது என்று சொன்னாலோ, வலி திடீரென்று ஏறினாலோ, பார்வை ஒரே நாளில் இன்னும் இறங்கினாலோ, கண் ஓட்டையாகியிருக்கலாம். அழுத்தாமல், கழுவாமல், களிம்பு எதுவும் போடாமல், ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கும் பிளாஸ்டிக் மூடியை மட்டும் மேலே வைத்து ஒட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். சின்ன ஓட்டை என்றால் பசை வைத்தே அடைத்துவிடுவார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது.

அம்மாவுக்கு ஒட்டாது. இது மெட்ராஸ் ஐ மாதிரி பரவும் நோய் கிடையாது, அப்பாவின் மறு கண்ணுக்கும் தானாகப் போகாது. அதே சொட்டு மருந்தை இன்னொருவர் கண்ணில் விடாமல் இருந்தால் போதும். தாய்ப்பால் விட்டதை நினைத்து அவர் குற்ற உணர்வில் இருப்பார், குத்திக்காட்டாதீர்கள். பூஞ்சை வந்தது வைக்கோலில்தான். ஆனால் இனிமேல் தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கீறல் பட்ட கண்ணில் வேண்டாம். கீறல் திறந்திருக்கும்போது அதில் எது போனாலும் கூடவே கிருமியும் போகும். நாக்கால் துழாவித் தூசி எடுக்கும் பாட்டிகள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடமும் வேண்டாம்.

அடுத்த தடவை யார் கண்ணிலாவது தாளோ தோகையோ பட்டால், கசக்காமல் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். பல இடங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருப்பார். சாயம் விட்டுப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நேபாளத்தில் பக்தபூர் பகுதிக் கிராமங்களில் உள்ளூர் தன்னார்வலர்கள் மூலம் ஒரு முயற்சி நடந்தது, 2001-இல் வெளியானது. கண்ணில் கீறல் பட்டவர்களுக்குக் குளோரம்ஃபெனிகால் என்ற பாக்டீரியாவுக்கான களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. தாமதமாக வந்தவர்களில் சிலருக்கு வந்தது. பின்னால் நேபாளத்திலேயே இன்னும் பெரிதாகச் செய்த ஆய்வில் ஊர் மொத்தத்துக்கும் புண் குறைந்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. ஆனாலும் முதல் நாளே போவதில் நஷ்டம் எதுவும் இல்லை. களிம்பு வாங்கினால் ஸ்டீராய்டு சேராததா என்று பொடி எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் ஒரு வாரம் கழித்து வெள்ளையாக எதுவும் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயலுக்கு எப்போது போகலாம்? புண் முழுசாக ஆறிவிட்டது என்று டாக்டர் சொல்லும்வரை தூசியும் வைக்கோலும் இருக்கும் இடம் வேண்டாம், கண்ணில் வாய்க்கால் தண்ணீரும் படக் கூடாது. வரப்பில் நின்று வேலை சொல்லலாம், அதைத் தடுக்க என்னாலும் முடியாது. ஆறின பிறகு கண்ணாடி போடாமல் இறங்கக் கூடாது. பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி ஹார்டுவேர் கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வேர்வையில் மூடிக்கொள்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று நாலாம் நாள் கழற்றி வைத்துவிடுவார், எல்லாரும் சொல்வதுதான். காற்றுப் போக ஓரத்தில் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். நாள் முழுக்க வேண்டாம், மிஷின் ஓடும்போதும் தூற்றும்போதும் மட்டும் போட்டால்கூடப் போதும் என்று பேரம் பேசுங்கள். இருக்கிற நல்ல கண்ணுக்காக என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். மாடு கறப்பது அம்மா என்று எழுதியிருக்கிறீர்களே.